ஒரு நகரத்தில் இதய வால்வுத் தொற்று எத்தனை பேருக்கு வருகிறது? எண்ணிக் கணக்கிடும் முறை

ஒரு பெரிய மருத்துவமனையில் ஆண்டுக்கு 60 பேர் எண்டோகார்டைட்டிஸ் (இதய வால்வுத் தொற்று) என்று சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் இந்த நோய் அதிகமா, குறைவா? அந்த 60-ஐ மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அவர்களில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து ரெஃபர் ஆகி வந்தவர்களாக இருக்கலாம். உள்ளூர்க்காரர்களில் பாதிப் பேர் வேறு மருத்துவமனைகளில் படுத்திருக்கலாம். சிலர் நோய் இன்னதென்று தெரியாமலே இறந்திருக்கலாம். நம்மூர் மருத்துவ இதழ்களில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை "எங்கள் மருத்துவமனையில் இத்தனை கேஸ்" என்ற வகையைச் சேர்ந்தவை. சிகிச்சையைப் பற்றி அவை நிறையச் சொல்லும். ஊரில் நோய் எவ்வளவு என்பதைப் பற்றி எதுவும் சொல்லாது.

நகரத்துக்கான விகிதம் வேண்டுமென்றால் ஊருக்குள் வசிப்பவர்களை மட்டும், ஊர் முழுக்கத் தேடி, ஒரே அளவுகோலால் எண்ண வேண்டும். சமூக மருத்துவத் துறை முதுநிலை மாணவர்கள், இதயநோய்த் துறையினர், மாநகராட்சி சுகாதாரப் பிரிவினர் ஆகியோர் இந்த வேலையைத் தொடங்கினால் எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே சறுக்கும் என்பது கீழே.

முதலில், எந்த அளவு எண்ணை எதிர்பார்க்கலாம்?

ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 1984 முதல் 1988 வரை ஐந்து ஆண்டுகள், நோயாளிகளை உடனுக்குடன் பதிவு செய்துகொண்டே ஓர் ஆய்வு நடந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 6 என்று வந்தது. நகர மக்களை வைத்து இந்த நோயை எண்ணிய ஆய்வுகளில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது அது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஓல்ம்ஸ்டெட் கவுண்டியில் 1970 முதல் 2000 வரை லட்சத்துக்கு 5 முதல் 7. பிரான்ஸில் பாரிஸ் பெருநகரம், லொரேன், ரோன்-ஆல்ப் ஆகிய மூன்று பகுதிகளில் 1991, 1999, 2008 என மூன்று முறை கணக்கெடுத்தார்கள். பத்து லட்சத்துக்கு முறையே 35, 33, 32. அதாவது லட்சத்துக்கு மூன்று, மூன்றரை. 1980-களின் கடைசியில் ஃபிலடெல்ஃபியா பெருநகரில் எண்ணியபோது லட்சத்துக்குப் பத்தை ஒட்டி வந்தது. ஏறக்குறைய பாதிக்குக் காரணம் ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுக்கும் பழக்கம். அந்தப் பாதியை ஒதுக்கினால் ஃபிலடெல்ஃபியாவும் மற்ற ஊர்களைப் போலத்தான்.

உலக நோய்ச் சுமை ஆய்வு 2019-க்கு லட்சத்துக்கு 13.8 என்று சொல்கிறது. அது பல நாட்டுத் தரவுகளிலிருந்து மாதிரியமைத்து வந்த மதிப்பீடு. தலைகளை எண்ணி வந்ததல்ல. அதை உங்கள் ஊர் எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.

எண்ணிப் பார்த்த இடங்களில் எல்லாம் லட்சத்துக்கு 3 முதல் 10-க்குள்தான். அரிதான நோய். இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு உடனே கிடைக்கிறது. விகிதத்தின் பிழை எல்லை இருபுறமும் 20 சதவீதத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 100 நோயாளிகள் தேவை (1.96-ஐ 100-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.196). லட்சத்துக்கு 3 என்ற விகிதத்தில் 100 பேர் கிடைக்க 33 லட்சம் நபர்-ஆண்டுகள் (மக்கள்தொகையை ஆண்டுகளால் பெருக்கியது) வேண்டும். 10 லட்சம் பேர் உள்ள ஊரில் அது மூன்று ஆண்டுக்கு மேல். ஓராண்டு ஆய்வேட்டுக்காக ஐந்து லட்சம் பேர் உள்ள ஊரை எடுத்தால் கையில் 15 பேர்தான் இருப்பார்கள். அதை வைத்து வயதுவாரியாகப் பிரிக்கக்கூட முடியாது. தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

எல்லையை வரையுங்கள், பிறகுதான் மற்றதெல்லாம்

எண்ணும் இடத்தின் எல்லையும் மக்கள்தொகையின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. சென்னையைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46.5 லட்சம். அது 174 சதுர கிலோமீட்டர் பரப்புக்கான எண். அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி 155 வார்டுகளிலிருந்து 200 வார்டுகளாக, 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. விரிந்த எல்லைக்குள் அதே கணக்கெடுப்பின்படி சுமார் 67 லட்சம் பேர். நோயாளிகளை 200 வார்டுகளிலிருந்தும் எடுத்துவிட்டு, வகுக்க 46.5 லட்சத்தைப் போட்டால் விகிதம் 44 சதவீதம் உப்பிவிடும். ஒரு கேஸ் கூடத் தவறாக எண்ணியிருக்க மாட்டீர்கள், விடை மட்டும் தவறு.

பின்கோடை நம்புவதிலும் இதே வில்லங்கம். 600 என்று தொடங்கினால் சென்னை என்று கணினியில் வடிகட்டுவது வழக்கம். தாம்பரம், ஆவடி இரண்டும் 600-இல்தான் தொடங்குகின்றன, இரண்டும் தனி மாநகராட்சிகள். பின்கோடை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொண்டு, தெருப் பெயரையும் பகுதியையும் வார்டுப் பட்டியலோடு ஒப்பிட்டே உறுதி செய்ய வேண்டும்.

2011-க்குப் பிறகு, 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. எனவே இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முன்மதிப்பீடுதான் கதி. எந்த வளர்ச்சி விகிதத்தை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். அதோடு மக்கள்தொகையைப் பத்து சதவீதம் கூட்டியும் குறைத்தும் விகிதத்தை மறுபடி கணக்கிட்டு அதையும் அட்டவணையில் போடுங்கள்.

'வசிப்பவர்' யார் என்பதற்கு விதி முன்கூட்டியே வேண்டும். இந்தியாவின் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடுகள் குறைந்தது ஓராண்டாவது அந்த எல்லைக்குள் வசித்திருக்க வேண்டும் என்று வைத்திருக்கின்றன. அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தும் சென்னைப் பெருநகரப் பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்து அப்படித்தான் இயங்குகிறது. அதே விதியை அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது. புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நெல்லூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்து, சைதாப்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்பவர்கள் ஏராளம். சேர்க்கைப் பதிவில் முகவரி மட்டும் இருந்தால் போதாது. 'இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்?' என்ற ஒரு கேள்வி படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். மறுபக்கமும் உண்டு. உள்ளூர்க்காரர் அறுவை சிகிச்சைக்கு வேலூருக்கோ பெங்களூருக்கோ போயிருப்பார். எல்லைக்கு வெளியே, உங்கள் ஊர்க்காரர்கள் வழக்கமாகப் போகும் இரண்டு மூன்று பெரிய மருத்துவமனைகளிடமும் பட்டியல் கேட்க வேண்டும்.

நோயாளிகளைத் தேடும் ஐந்து வாசல்கள்

ஒரே பட்டியலை நம்பினால் மூன்றில் ஒரு பங்கு நழுவிவிடலாம். ஐந்து இடங்களில் தனித்தனியாகத் தேடி, பிறகு சேர்க்க வேண்டும்.

முதலாவது மருத்துவப் பதிவேட்டுத் துறை. ஐ.சி.டி-10 என்ற சர்வதேச நோய்க் குறியீடுகளில் ஐ33.0, ஐ33.9, ஐ38, ஐ39, பூஞ்சைக்கு பி37.6, செயற்கை வால்வுத் தொற்றுக்கு டி82.6 (ஆங்கில T) ஆகியவற்றை இழுக்கவும். முதன்மை நோயாக மட்டுமல்லாமல் துணை நோயாக எழுதியதையும் சேர்த்து இழுக்க வேண்டும். ஐ38-இல் குப்பை நிறைய வரும். தொற்றே இல்லாத வால்வு நோயையும் சிலர் அதில் போட்டுவிடுவார்கள். ஐ01.1 என்பது ருமாட்டிக் காய்ச்சலின் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்து வால்வைக் கெடுக்கும் காய்ச்சல்) எண்டோகார்டைட்டிஸ், அதை எண்ணக் கூடாது. ருமாட்டிக் இதய நோய் மிகுந்த நம் நாட்டில் இந்த இரண்டையும் குறியீட்டாளர் மாற்றிப் போடுவது புதிதல்ல என்பதால், எடுத்துப் பார்த்துவிட்டு ஒதுக்குங்கள்.

இரண்டாவது நுண்ணுயிரியல் ஆய்வகம். ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், விரிடான்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ், என்டரோகாக்கஸ், மெதுவாக வளரும் ஹாசெக் (HACEK) குழுக் கிருமிகள் ஆகியவை வளர்ந்த எல்லோருடைய பட்டியலும் வேண்டும். செயற்கை வால்வோ பேஸ்மேக்கரோ உள்ளவர்களில் கோயாகுலேஸ்-நெகட்டிவ் ஸ்டஃபைலோகாக்கஸும் சேரும். அது ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் வளர்ந்திருந்தால் பெரும்பாலும் தோலிலிருந்து கலந்தது. இந்தப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எக்கோ (ஒலியலையால் எடுக்கும் இதயப் படம்) எடுத்தார்களா என்று பாருங்கள். ரத்தத்தில் ஆரியஸ் வளர்ந்தும் எக்கோ எடுக்காதவர்களின் எண்ணிக்கையைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஆய்வின் முடிவில் அந்த எண் விகிதத்துக்குச் சமமாகப் பேசும்.

மூன்றாவது எக்கோ அறை. இங்கே அறிக்கைகளில் 'வெஜிடேஷன்' (வால்வில் கிருமியும் ரத்த உறைவும் சேர்ந்து ஒட்டிய திரள்) என்ற சொல்லைத் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். காரணம், இயல்பான அறிக்கை எல்லாவற்றிலும் 'வெஜிடேஷன் இல்லை' என்று வார்ப்புரு வரி இருக்கும். மறுப்புச் சொல்லோடு வரும் வரிகளை முதலில் நீக்கிவிட்டு, மீதியில் வெஜிடேஷன், ஆப்செஸ் (சீழ்க்கட்டி), துளை, செயற்கை வால்வு தையல் விடுதல், புதிதாக வந்த கசிவு ஆகியவற்றைத் தேடவும். நூறு அறிக்கைகளைக் கையால் படித்து உங்கள் தேடல் எத்தனையைத் தவறவிடுகிறது என்று சோதித்த பிறகே முழுத் தொகுப்பில் ஓடவிடுங்கள்.

நான்காவது இதய அறுவை சிகிச்சைப் பதிவேடும் வால்வுத் திசு பரிசோதனை அறிக்கைகளும். இங்கே கிடைப்பவர்கள் மிகக் குறைவு, ஆனால் உறுதியானவர்கள்.

ஐந்தாவது இறப்புகள். மருத்துவமனை இறப்புகளுக்கான படிவம் 4-இல் காரணச் சங்கிலியின் எல்லா வரிகளையும் பார்க்க வேண்டும். இந்த நோயின் வெஜிடேஷன் துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் நோயாளி பக்கவாதமாக நரம்பியல் வார்டில் சேர்வார். அங்கேயே இறந்தால் 'ஸ்ட்ரோக்' என்று முடிந்துவிடும். காய்ச்சலோடு வந்த இளவயதுப் பக்கவாத இறப்புகளின் கேஸ் ஷீட்டுகளைத் தனியாக எடுத்துப் படிப்பது பலன் தரும். ஸ்வீடன் போன்ற நாடுகளில் அந்தக் காலத்தில் பிணக்கூறாய்வு பரவலாக நடந்ததால் இப்படிப்பட்டவர்கள் கணக்கில் வந்தார்கள். நம்மிடம் அந்த வாசல் அநேகமாக மூடியே கிடக்கிறது.

தனியார் மருத்துவமனைகளை விட்டுவிட்டு நகர விகிதம் என்று சொல்லவே கூடாது. எல்லோரும் பட்டியல் தரமாட்டார்கள். படுக்கை எண்ணிக்கையையும் எக்கோ வசதியையும் வைத்து, நோயாளி சேர வாய்ப்புள்ள மருத்துவமனைகளை முதலில் வரிசைப்படுத்துங்கள். நாலு வாரம் கல்ச்சருக்கேற்ற ஊசி மருந்து போட வேண்டிய நோய் இது. பத்துப் படுக்கை கிளினிக்கில் அது முடியாது. அதனால் அலைய வேண்டிய இடங்கள் நினைப்பதைவிடக் குறைவு. காப்பீட்டுத் திட்டக் கோரிக்கைகளும் உதவும். ஆனால் அங்கே எழுதியிருப்பது பணம் வாங்கும் தொகுப்பின் பெயர், நோயின் பெயரல்ல. வால்வு மாற்று அறுவை என்று மட்டும் இருக்கும்.

இதற்கெல்லாம் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பழைய ஆவணங்களை மட்டும் பார்ப்பதென்றால் நோயாளி ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். பெயரும் தொலைபேசியும் இணைப்பு வேலை முடியும் வரை ஒரே ஒரு கணினியில், ஆய்வுத் தரவிலிருந்து பிரித்து வைக்கப்பட வேண்டும்.

ஒரே ஆளை மூன்று முறை எண்ணாமல் இருக்க

இந்த நோயாளி ஓரிடத்தில் நிற்கமாட்டார். காய்ச்சலுக்கு ஒரு மருத்துவமனை, எக்கோவுக்குப் பிறகு இன்னொன்று, அறுவைக்கு மூன்றாவது. ஐந்து பட்டியலிலும் மூன்று மருத்துவமனையிலும் அவர் பெயர் இருக்கும்.

பெயரை வைத்து இணைப்பது நம்மூரில் கடினம். லட்சுமி என்ற பெயர் ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக வரும். முன்னெழுத்து ஓரிடத்தில் பெயருக்கு முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், வேறோரிடத்தில் அப்பா பெயராகவே விரிந்து நிற்கும். திருமணமான பெண்களுக்கு முன்னெழுத்தே மாறியிருக்கும். எனவே பெயரின் ஒலியைச் சுருக்கி ஒரு திறவுகோல், பால், வயது (இரண்டு ஆண்டு கூடக்குறைய), தொலைபேசி எண், சேர்ந்த தேதி ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று பொருந்தினால் 'ஒருவராக இருக்கலாம்' என்று கொடியிட்டு, கிருமி எது, எந்த வால்வு என்பதைப் பார்த்துக் கையால் முடிவு செய்யுங்கள். தொலைபேசி எண் பல நேரம் மகனுடையதாக இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எண்ணுவது ஆளையல்ல, நோய் வந்த தடவையை. ஒரே கிருமியால் ஆறு மாதத்துக்குள் மறுபடி வந்தால் அது பழைய நோயே திரும்பியது, புதிதாக எண்ணக் கூடாது. வேறு கிருமியாலோ, அதே கிருமியால் ஆறு மாதத்துக்குப் பின்னரோ வந்தால் அது புதிய தொற்று, இன்னொரு தடவையாக எண்ண வேண்டும். கணக்குக் காலம் ஜனவரி 1-இல் தொடங்கினால், டிசம்பரில் நோய் கண்டறியப்பட்டு ஜனவரியிலும் படுத்திருப்பவரைச் சேர்க்கக் கூடாது. முதல் முறை மருத்துவமனையில் சேர்ந்த தேதிதான் அளவு.

டியூக் அளவுகோலைப் போடும் விதம்

'மருத்துவர் எண்டோகார்டைட்டிஸ் என்று எழுதினார்' என்பது ஆய்வுக்குப் போதாது. இந்த நோயை உறுதி செய்யப் பயன்படும் டியூக் அளவுகோல் 1994-இல் வந்து 2000-இல் திருத்தப்பட்டது. அதில் இரண்டு பெரிய சான்றுகள், அல்லது ஒரு பெரியதும் மூன்று சிறியதும், அல்லது ஐந்து சிறியவை இருந்தால் 'உறுதி'. ஒரு பெரியதும் ஒரு சிறியதும், அல்லது மூன்று சிறியவை இருந்தால் 'சாத்தியம்'. பெரிய சான்று இரண்டு வகை: வழக்கமான கிருமி தனித்தனிக் கல்ச்சர்களில் வளர்வது, எக்கோவில் வால்வுப் பாதிப்பு தெரிவது. சிறியவை: ஏற்கனவே உள்ள இதயக் குறை அல்லது ஊசிப் போதைப் பழக்கம், 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், ரத்தக்குழாய் அடைப்பு அறிகுறிகள், நோயெதிர்ப்பு சார்ந்த அறிகுறிகள், பெரிய சான்றை எட்டாத கல்ச்சர் முடிவு.

2023-இல் அளவுகோல் மறுபடி மாறியது. சி.டி., பெட் ஸ்கேன் ஆகியவை சேர்ந்தன, அறுவையின்போது கண்ணால் கண்டதும் சேர்ந்தது, கல்ச்சர்களுக்கு இடையே இருக்க வேண்டிய நேரக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஒரே ஆய்வில் பழைய ஆண்டுக்குப் பழைய அளவுகோல், புதிய ஆண்டுக்குப் புதியது என்று போட்டால் நோய் கூடியதுபோல் ஒரு பொய்யான ஏற்றம் தெரியும். எல்லா ஆண்டுகளுக்கும் 2000 அளவுகோலைப் போட்டு முதன்மை விகிதம் காணுங்கள். 2023 அளவுகோலில் வருவதைப் பக்கத்தில் தனி நிரலாக வைக்கலாம்.

இரண்டு பேர் ஒருவரையொருவர் கலக்காமல் ஒவ்வொரு கேஸ் ஷீட்டையும் மதிப்பிட வேண்டும். முரண்பட்டால் மூன்றாமவர். மதிப்பிடுபவருக்கு மருத்துவமனையின் பெயரும் வார்டு மருத்துவர் எழுதிய இறுதி நோயின் பெயரும் தெரியாமல் மறைத்துக் கொடுப்பது உத்தமம். தெரிந்தால் கை அந்தப் பக்கமே சாயும்.

இந்தியாவில் இந்த அளவுகோலுக்குப் பெரிய அடி கல்ச்சரில் விழுகிறது. முறையாகச் செய்வதென்றால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், அரை மணி நேர இடைவெளியில், வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று செட், பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுக்க வேண்டும். நடப்பது என்ன? தெருமுனை மருந்துக்கடையில் ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டு, பக்கத்து கிளினிக்கில் இரண்டு ஊசி போட்டு, அதன் பின் வந்தவரிடம் ஒரே குத்தில் நாலைந்து மில்லி எடுப்பார்கள். கிருமி வளராது. ஒரு பெரிய சான்று அங்கேயே போய்விடும். 'உறுதி'யாக இருக்க வேண்டியவர் 'சாத்திய'த்துக்கு இறங்குகிறார். எக்கோவும் தெளிவில்லை என்றால் பட்டியலிலிருந்தே விழுகிறார். மார்பின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோ சொந்த வால்வில் வெஜிடேஷனைப் பத்தில் ஏழு பேரிடம்தான் பிடிக்கும், செயற்கை வால்வில் பாதிப் பேரிடம்தான். உணவுக்குழாய் வழியாகப் பார்த்தால் பத்துக்கு ஒன்பதுக்கு மேல். அந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை.

ஆகவே இந்திய நகரம் ஒன்றில் லட்சத்துக்கு ஒன்றோ ஒன்றரையோ என்று வந்தால், 'இங்கே நோய் குறைவு' என்று எழுத அவசரப்படாதீர்கள். ருமாட்டிக் வால்வுகள் இத்தனை இருக்கும் ஊரில் அப்படி நம்ப முகாந்திரமில்லை. எண்ணப்படாமல் போனது எவ்வளவு என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். ஒவ்வொரு கேஸிலும் கல்ச்சருக்கு முன் ஆன்டிபயாடிக் போனதா, எத்தனை செட், உணவுக்குழாய் எக்கோ எடுத்தார்களா என்ற மூன்று கட்டங்கள் படிவத்தில் இருந்தால், பின்னால் இதைப் பேச ஆதாரம் இருக்கும்.

கணக்கு

கற்பனையாக ஒரு நகரம். 15 வயதுக்கு மேற்பட்டோர் 18 லட்சம். இரண்டு ஆண்டுகள் எண்ணினால் 36 லட்சம் நபர்-ஆண்டுகள். வடிகட்டி, இணைத்து, அளவுகோல் போட்ட பின் 82 தடவைகள் நிற்கின்றன. 82-ஐ 36-ஆல் வகுத்தால் லட்சத்துக்கு 2.28.

பிழை எல்லைக்கு பையார் சூத்திரம் போதும், கால்குலேட்டரிலேயே வரும். எண்ணிக்கை 'எ' என்றால்:

கீழ் எல்லை = எ × (1 − 1/(9எ) − 1.96/(3√எ))³

மேல் எல்லைக்கு எ-க்குப் பதில் எ+1 போட்டு, இரண்டாவது கழித்தலைக் கூட்டலாக மாற்ற வேண்டும். 82-க்கு 65 முதல் 102 வரை வரும். விகிதமாக 1.8 முதல் 2.8.

அடுத்து, எத்தனை பேர் தப்பினார்கள்? பிடித்து-மறுபடி-பிடிக்கும் முறை இதற்குத்தான். பதிவேட்டுத் துறைப் பட்டியல் 66 பேரைக் கண்டது. ஆய்வகமும் எக்கோவும் சேர்ந்த பட்டியல் 60 பேரைக் கண்டது. இரண்டிலும் இருப்பவர்கள் 44. மொத்தம் வெவ்வேறு ஆட்கள் 82. சாப்மன் மதிப்பீடு (மூன்று எண்ணிலும் ஒன்று கூட்டி, முதல் இரண்டைப் பெருக்கி, மூன்றாவதால் வகுத்து, ஒன்று கழிப்பது): 67 × 61 ÷ 45 − 1, ஏறத்தாழ 90. அப்படியானால் எட்டுப் பேர் இரண்டு வலையிலும் சிக்கவில்லை, விகிதம் 2.5 ஆகிறது.

இந்த 90-ஐ மேல்வரம்பாக நினைத்துவிடக் கூடாது. இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானத்தில்தான் இந்தச் சூத்திரம் நிற்கிறது. நடைமுறையில் கல்ச்சரில் கிருமி வளர்ந்தவருக்குத்தான் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் நோயின் பெயர் தெளிவாக இருக்கும். ஒரு வலையில் சிக்கியவர் மற்றதிலும் சிக்குவார். அப்போது பொது எண்ணிக்கை கூடி, மதிப்பீடு உண்மையைவிடக் குறைவாக வரும். 'குறைந்தது 90' என்று எழுதுவதே நேர்மை.

வயது

இந்த நோய் முதியவர்களிடம் விகிதத்தில் கூடுதல். நம் கற்பனை நகரத்தில் 15–44 வயதில் 23.4 லட்சம் நபர்-ஆண்டுகளுக்கு 36 தடவைகள் (1.54), 45–64-இல் 9.4 லட்சத்துக்கு 28 (2.98), 65-க்கு மேல் 3.2 லட்சத்துக்கு 18 (5.63). உலக சுகாதார நிறுவனத்தின் நிலையான மக்கள்தொகையில் (ஊர்களை ஒப்பிட வைத்திருக்கும் பொது வயது அமைப்பு) பெரியவர்களை மட்டும் எடுத்தால் இந்த மூன்று வயதுப் பிரிவுகளின் பங்கு சுமாராக 62, 27, 11 சதவீதம். அதைப் பெருக்கிக் கூட்டினால் 2.38. இப்போது இதே வயதுவாரி விகிதங்களை 65-க்கு மேற்பட்டோர் 24 சதவீதமும் 45–64 வயதினர் 32 சதவீதமும் உள்ள ஒரு முதிய ஊருக்குப் பொருத்துங்கள். 2.98 வரும். யாருடைய ஆபத்தும் கூடவில்லை, வயது மட்டும் மாறியதில் நம் ஊரின் 2.28-ஐவிட 30 சதவீத வித்தியாசம். வயதைச் சரிசெய்யாமல் பாரிஸோடு ஒப்பிட்டால் நம் ஊர் எப்போதும் நல்ல ஊராகவே தெரியும்.

இந்திய நோயாளிகள் பொதுவாக இளையவர்கள். ருமாட்டிக் வால்வும் பிறவி இதயக் குறையும் காரணம். மேற்கில் சராசரி வயது அறுபதைத் தாண்டிவிட்டது, அங்கே செயற்கை வால்வு, பேஸ்மேக்கர், டயாலிசிஸ் ஆகியவை முன்னால் நிற்கின்றன. ஒரே மொத்த விகிதத்துக்குள் இரண்டு வேறு நோய்க்கதைகள் ஒளிந்திருக்கலாம் என்பதால், சொந்த வால்வு, செயற்கை வால்வு, கருவி சார்ந்தது, ஊசிப் போதை சார்ந்தது என்று பிரித்தே அட்டவணை போடுங்கள். மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பின் தொடங்கியவையும் டயாலிசிஸ் நோயாளிகளும் தனி வரிசை. அவர்களைத் தடுக்கும் வழி முற்றிலும் வேறு.

கூடுகிறதா, குறைகிறதா என்று சொல்லும் முன்

இங்கிலாந்தில் 2008 மார்ச்சில் பல் சிகிச்சைக்கு முன் தடுப்பு ஆன்டிபயாடிக் கொடுப்பதை, அந்நாட்டின் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு நிறுத்தச் சொன்னது. மருந்துச் சீட்டுகள் சரிந்தன. பிறகு 2015-இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, அந்தத் தேதிக்குப் பின் நோய் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கூடியதாகக் காட்டியது. அதனால்தான் கூடியதா என்பதை அந்தத் தரவு நிறுவவில்லை. அதில் இருந்தவை டிஸ்சார்ஜ் குறியீடுகள், கிருமி எது என்ற விவரம் போதுமான அளவு இல்லை. அதே காலத்தில் முதியோரும் இதயக் கருவிகளும் எக்கோக்களும் பெருகின. பல்லிலிருந்து வருவது வாய்க் கிருமியான விரிடான்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், அது கூடியிருந்தால்தான் வாதம் நிற்கும். ஆகவே போக்கைப் பற்றி ஒரு வரி எழுதுவதாக இருந்தால்கூட ஆண்டுவாரியாகக் கிருமியின் பெயரும், அந்தந்த ஆண்டில் நகரில் எடுத்த மொத்த எக்கோ, மொத்த ரத்தக் கல்ச்சர் எண்ணிக்கையும் கையில் இருக்க வேண்டும். எக்கோ இரட்டிப்பாகி நோயும் இரட்டிப்பானால் முதலில் எக்கோவைச் சந்தேகியுங்கள்.

முடிவை வெளியிடும்போது 'உறுதி' மட்டும், 'உறுதி'யும் 'சாத்திய'மும் சேர்த்து, சாப்மன் திருத்தத்தோடு என மூன்று விகிதங்களையும் பக்கம் பக்கமாக, பிழை எல்லையோடு கொடுக்கவும். முகவரி உறுதிப்படாமல் நீக்கியவர்கள் எத்தனை, கேஸ் ஷீட் கிடைக்காதவர்கள் எத்தனை, பட்டியல் தர மறுத்த மருத்துவமனைகளின் படுக்கைகள் எத்தனை என்பதும் அதே பக்கத்தில் வேண்டும்.

மாநகராட்சிக் கூட்டத்தில் யாராவது வார்டுவாரி வரைபடம் கேட்பார்கள், நிச்சயம். கொடுக்காதீர்கள். ஒரு மண்டலத்தில் 9 பேர் என்றால் பிழை எல்லை 4 முதல் 17 வரை போகும். பக்கத்து மண்டலத்தில் 5 பேர், அதன் எல்லை 2 முதல் 12 வரை, இரண்டும் பெருமளவு ஒன்றின் மேல் ஒன்று விழும். வரைபடத்தில் ஒன்று சிவப்பாகவும் இன்னொன்று பச்சையாகவும் தெரியும், மறுநாள் நாளிதழில் அது செய்தியாகிவிடும். அத்தோடு, அரிதான நோய் என்பதால் வார்டும் வயதும் பாலும் சேர்ந்தாலே ஆள் யாரென்று அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். மண்டல அளவிலும் ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கை வரும் கட்டங்களை '5-க்குக் கீழ்' என்று மட்டும் போடுங்கள்.